வன்னி வளவுக்குள்ள செய்மதி இன்ரநெற்: டிஷ் வாங்க முதல் வானத்தையும் கரண்டையும் அளவுங்கோ

ஒரு மாரி முழுக்கத் தாண்டி டிஷ் இப்பவும் வேலை செய்யுது, மகளின்ர பின்னேர சூம் வகுப்பு வெட்டுப்படாமப் போகுது, அதால இப்ப எழுதினா மற்ற ஆக்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறன். எங்கட இடம் முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்க, மெயின் றோட்டில இருந்து கிறவல் றோட்டால காட்டுப்பக்கம் போகவேணும். ஃபைபர் கேபிள் இப்போதைக்கு வராத இடம். இதே மாதிரி இடங்களில இருக்கிற ஆக்கள் போன் எடுத்து "ஸ்டார்லிங்கில எந்தப் பிளான் நல்லம்" எண்டுதான் முதல்ல கேக்கினம் (ஸ்டார்லிங்க் எண்டிறது செய்மதியால வீட்டுக்கு இன்ரநெற் தாற சேவை). பிளான் கடைசியாப் பாக்கிற விசயம். உங்கட வீட்டுக்கு மேல எவ்வளவு வானம் திறந்து கிடக்கு, 24 மணித்தியாலமும் அதுக்குக் குடுக்க உங்களிட்ட எவ்வளவு கரண்ட் இருக்கு, இந்த ரெண்டையும் அளந்தா எந்த டிஷ், எந்தப் பிளான் எண்டது தன்பாட்டில முடிவாகிடும்.

செய்மதிக்குப் போக முதல் 4ஜியை ஒழுங்காப் பாத்திட்டுத்தான் போனது, அதைச் சொல்லாம விடக்கூடாது, ஏனெண்டா கனபேருக்கு அதோடயே வேலை முடியும். ரவர் எங்களில இருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி, நடுவில முழுக்கப் பாலையும் வீரையும் நிக்கிற காடு. போனில சிக்னல் அளக்கிற ஆப் ஒண்டைப் போட்டுப் பாத்தா வீட்டுக்குள்ள ஆர்எஸ்ஆர்பி, அதாவது சிக்னல் பலத்தின்ர அளவு, மைனஸ் 116. மைனஸ் 80 எண்டா நல்ல சிக்னல், 100ஐத் தாண்டினா சோர்வு, 110க்கு அங்கால வட்ஸ்அப் மெசேஜே மூச்சு வாங்கும். வெளியில ஒரு கம்பத்தில யாகி அன்ரெனா (ரவர்ப் பக்கம் மட்டும் பாக்கிற நீட்டு அன்ரெனா) பூட்டி, நல்ல தடிச்ச கேபிளால றவுட்டருக்கு எடுத்த உடன மைனஸ் 103க்கு வந்திச்சுது, காலமையில 12 எம்பிபிஎஸ் வரைக்கும் ஓடிச்சுது. ஆனா பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அதே அன்ரெனா, அதே மைனஸ் 103, வேகம் ஒண்டு ஒண்டரைக்கு இறங்கிடும். அன்ரெனா சிக்னலைத்தான் கூட்டும், ரவரில இருக்கிற சனநெரிசலைக் குறைக்காது. நீங்களும் அன்ரெனா வாங்க முதல் விடியக்காலமை நாலஞ்சு மணிக்கு ஒருக்கா, இரவு எட்டு மணிக்கு ஒருக்கா வேகம் பாருங்கோ. விடியவும் மோசமெண்டா அன்ரெனா உதவும். விடிய நல்லா இருந்து இரவில மோசமெண்டா அன்ரெனாவில காசைப் போடாதேங்கோ.

சரி, செய்மதி. முந்தி எங்கட பக்கம் செய்மதி இன்ரநெற் எண்டா பாங்கிலயும் பெரிய கந்தோர்களிலயும் இருக்கிற பெரிய வெள்ளை டிஷ்தான். அந்தச் செய்மதி நிக்கிறது 35,786 கிலோமீட்டர் உயரத்தில. சிக்னல் ஏறி இறங்கி, பதில் திரும்ப ஏறி இறங்க அரைச் செக்கன் அதிலயே போயிடும். படம் பாக்கலாம், ஃபைல் இறக்கலாம், சூமில ஆளோட ஆள் கதைக்கேக்க ஒருத்தர் பேச்சில ஒருத்தர் ஏறி விழவேண்டி வரும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் 500 கிலோமீட்டர் அளவு உயரத்தில ஓடித்திரியிறதால அந்தத் தாமதம் இல்லை, எங்களுக்கு எப்பவும் நூறு மில்லிசெக்கனுக்குள்ளதான் நிக்குது. அமேசான்காரரும் 2025 ஏப்ரலில தங்கட செய்மதிகளை அனுப்பத் தொடங்கினவை, வன்வெப் எண்டும் ஒண்டு இருக்கு, அது கம்பனிகளுக்குக் குடுக்கிற சேவை. இலங்கையில ஒரு வீட்டுக்காரர் தானா ஓடர் பண்ணி எடுக்கக்கூடியதா எனக்குக் கிடைச்சது ஸ்டார்லிங்க் ஒண்டுதான், அதுக்கு லைசென்ஸ் 2024 ஓகஸ்ட்டில குடுபட்டு, சேவை 2025 ஜூலை 2ஆம் திகதி தொடங்கினது. அதால எந்தக் கம்பனி எண்ட கேள்வி எங்களுக்கு வரேல்லை, எந்த டிஷ், எந்த இடத்தில பூட்டிறது எண்ட கேள்விதான் வந்தது.

டிஷ்ஷில ரெண்டு வகையைப் பாத்தனான். ஸ்டாண்டர்ட் எண்டிறது 59 சென்ரிமீட்டர் நீளம் 38 அகலம், மூண்டு கிலோ அளவு பாரம், கம்பனி சொல்ற கரண்ட் 75இல இருந்து 100 வாட். மினி எண்டிறது ஒரு கொப்பி அளவு, 30க்கு 26 சென்ரிமீட்டர், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட, 25இல இருந்து 40 வாட், றவுட்டர் அதுக்குள்ளயே இருக்கு, 12 வோல்ற்றில இருந்து 48 வோல்ற் வரை நேர டிசி குடுக்கலாம். கரண்டை மட்டும் பாத்தா மினிதான். ஆனா மினியை எடுத்தா அதின்ர வைஃபை டிஷ் இருக்கிற இடத்திலதான் இருக்கும், டிஷ்ஷை வீட்டுக்குத் தள்ளி வளவின்ர மற்ற முனையில பூட்டவேண்டி வந்தா வீட்டுக்குள்ள வைஃபை வராது, தனியா லேன் கேபிள் இழுக்கத்தான் வேணும். எங்கட வீட்டில ரெண்டு குடும்பம், பின்னேரத்தில ரெண்டு பேருக்கு வகுப்பு, நான் இரவில கொழும்புக் கம்பனி ஒண்டுக்குக் கணக்கு வேலை செய்யிறனான், மாமி கனடாவில இருக்கிற மூத்த மகனோட வீடியோவில கதைப்பா. ஸ்டாண்டர்ட் எண்டு முடிவெடுத்தது அதாலதான். நான் எடுக்கேக்க கிற் (டிஷ், றவுட்டர், கேபிள் எல்லாம் சேந்த பெட்டி) 118,000 ரூபா, ரெசிடென்ஷியல் லைட் எண்ட வீட்டுப் பிளான் மாசம் 12,000, முழு ரெசிடென்ஷியல் 15,000. லைட் எண்டா நெரிசல் நேரத்தில மற்றவைக்கு முதலிடம் குடுத்திட்டுத்தான் எங்களுக்குத் தருவினம். நாங்கள் எடுத்தது லைட். பகலில 150, 200 எம்பிபிஎஸ் எல்லாம் வருது, இரவில 60, 70க்கு இறங்கும், ஒண்டரை எம்பிபிஎஸ்ஸில இருந்த வீட்டுக்கு அது தாராளம்.

ஓடர் பண்ணேக்க எங்கட விலாசத்தில வீட்டு இலக்கம் இல்லை, மப்பில புள்ளியை நேரா வீட்டுக் கூரைக்கு மேல இழுத்து வைக்கவேணும், அதைக் கவனமாச் செய்யுங்கோ, ரெசிடென்ஷியல் பிளான் அந்த இடத்துக்கெண்டுதான் தருவினம்.

இனி வானம். இதுதான் முழு வேலையிலயும் முக்கியம். கிற் வாங்க முதலே ஸ்டார்லிங்க் ஆப்பை இறக்கி அதில மறைப்புப் பாக்கிற பகுதியைத் திறந்து, போன் கமராவை வானத்துக்குக் காட்டி வட்டமாச் சுத்தினா எந்த மரம் மறைக்குது எண்டு படமாக் காட்டும், கணக்கு ஒண்டும் திறக்கத் தேவையில்லை, காசும் இல்லை. டிஷ் பாக்கிற வானம் 110 பாகை அகலம். நேர மேல பாத்துக் கொண்டிராது, எங்கட பக்கத்தில வடக்க கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கச் சொல்லித்தான் ஆப் காட்டுது. அதால தெற்கில நிக்கிற மரத்தை விட வடக்கில நிக்கிற மரம்தான் பிரச்சினை. எங்கட வீட்டுக்கு வடக்க வரிசையா அஞ்சு தென்னை, அதுக்கு அங்கால ஒரு பெரிய வேம்பு, மூலையில ரெண்டு பனை.

முதல்ல கூரையில வைச்சுப் பாத்தது. ஓட்டுக்கூரை, முகட்டில பலகை ஒண்டு கட்டி அதில டிஷ்ஷை அதின்ர சொந்தக் காலிலயே நிப்பாட்டி, கேபிளை யன்னலால உள்ளுக்க எடுத்து ஓடவிட்டது. போட்டு இருபது நிமிசத்தில இன்ரநெற் வந்திட்டுது, எல்லாருக்கும் சந்தோசம், வேகம் பாத்தா 180. ஆனா பின்னேரம் சூம் வகுப்பில ரெண்டு மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ரீச்சர் உறைஞ்சு போய் நிப்பா, திரும்ப வருவா. வேக அளவில இது தெரியாது, அதுதான் இதில இருக்கிற சூட்சுமம். செய்மதிகள் ஓடிக்கொண்டே இருக்கிறதால டிஷ் பிடிச்சிருக்கிற செய்மதி ஒரு தென்னோலைக்குப் பின்னால போற அந்த ஒரு செக்கன், ரெண்டு செக்கன் வெட்டுப்படும். படம் பாக்கிறவைக்குத் தெரியவே தெரியாது, முன்கூட்டியே இறக்கி வைச்சிருக்கும். நேரடியாக் கதைக்கிறவைக்கு உயிர் போகும். ஆப்பில அரை நாள் ஓடவிட்ட பிறகு வாற மறைப்புப் படத்தில எங்கட அஞ்சு தென்னையும் சிவப்பா அப்படியே தெரிஞ்சுது, வட்டு எது ஓலை எது எண்டு பிரிச்சுச் சொல்லலாம் போல.

தென்னையைத் தறிக்கலாம் எண்டு சொன்னவையும் இருக்கினம். காய்க்கிற தென்னையை இன்ரநெற்றுக்காகத் தறிக்கிறது எனக்கு மனம் ஒப்பேல்லை. வேம்பும் அப்பா வைச்சது. பனையைப் பற்றிப் பேச்சே இல்லை, பெண்பனை, பலா, ஈரப்பலா மரங்கள் தறிக்க இலங்கைச் சட்டப்படி பெர்மிற் எடுக்கவேணும், அது தெரியாம வாளை எடுக்காதேங்கோ. மரத்தை விட்டிட்டு டிஷ்ஷை நகர்த்துவம் எண்டு போனைக் கையில வைச்சுக்கொண்டு வளவு முழுக்க நடந்து ஆப்பால வானத்தைப் பாத்தது. வளவின்ர வடகிழக்கில, கிணத்தடி மோட்டர் கொட்டிலுக்குப் பக்கத்தில, நிலத்தில நிண்டு பாக்கேக்க கொஞ்சம் மறைப்பு, ஏணியில ஏறி 16 அடி உயரத்தில பாக்கேக்க ஆப் முழுக்க நீலம். அங்க தென்னை எல்லாம் டிஷ்ஷுக்குத் தெற்கில போயிடும். இடம் முடிவாச்சுது.

கம்பத்துக்கு ரெண்டு இஞ்சி ஜிஐ பைப், கடையில வாற முழு நீளம் 20 அடி. அதை நேர மண்ணுக்குள்ள தாட்டுக் கொங்கிறீற் போடுறதுதான் வழமை, ஆனா அப்பிடிப் போட்டா டிஷ்ஷைத் துடைக்க, நட் இறுக்க ஒவ்வொரு முறையும் ஏணி வேணும், காத்துக்குப் பயந்து இறக்கவும் ஏலாது. நெடுங்கேணியில ஒரு வெல்டிங்கார அண்ணை, "தம்பி, பைப்பை மண்ணுக்குள்ள தாட்டுப்போடாத, துலா மாதிரிச் சாய்க்கிறதாச் செய்து தாறன்" எண்டவர். அவர் செய்து தந்தது இதுதான்: ஆறு அடி நீளத்தில ரெண்டு சி சனல் இரும்பு, மூண்டு அடி மண்ணுக்குள்ள, மூண்டு அடி வெளியில, ரெண்டுக்கும் நடுவில பைப் நுழையிற இடைவெளி. மேல 5/8 இஞ்சி போல்ட் ஒண்டு, அதுதான் அச்சு. கீழ நிலத்துக்குக் கிட்ட அரை இஞ்சி போல்ட் ஒண்டு, அதுதான் பூட்டு. கீழ் போல்ட்டைக் கழட்டினா பைப் அச்சில சாயும், கயிறு பிடிச்சு ரெண்டு பேர் இறக்கலாம். பைப்பின்ர அடி நிலத்தில முட்டாம மூண்டு இஞ்சி மேல நிக்கவேணும், இல்லாட்டிச் சாயேக்க அடி மண்ணைக் கிண்டும்.

கிடங்கு ஒண்டரை அடிச் சதுரம், மூண்டு அடி ஆழம். எங்கட மண் சிவப்பும் கிறவலும் கலந்தது, ரெண்டடிக்குக் கீழ அலவாங்கு இல்லாம இறங்காது. சீமெந்து ஒண்டே கால் பை, மணல், முக்கால் இஞ்சிச் சல்லி, ஒண்டுக்கு ரெண்டுக்கு நாலு. சனலை நிப்பாட்டேக்க ரசமட்டத்தோட தூக்குக்குண்டும் பிடிச்சுப் பாத்தது, ஏனெண்டா மூண்டடியில ஒரு நூல் (அரைக்கால் இஞ்சி) சாய்ஞ்சாலும் 20 அடியில ஒரு இஞ்சிக்குக் கிட்டத் தள்ளிப்போகும். ஏழு நாள் தண்ணி விட்டு ஈரமா வைச்சிருந்து பிறகுதான் பைப் ஏத்தினது. பைப்பின்ர நுனியில டிஷ்ஷுக்கு ஒரு கொழுவி, அதை அவர் தன்ர பட்டறையில இரும்புத் தகட்டில வளைச்சு வெல்ட் பண்ணி, சிங்க் பெயின்ற் ரெண்டு கோட் அடிச்சுத் தந்தவர். டிஷ்ஷைத் திருப்பி ஆப்பில காட்டுற அம்புக்குறியை நடுவில கொண்டுவந்து நிப்பாட்டேக்க பைப்பை உயர்த்தி வைச்சுக்கொண்டு மேல ஏறித் திருப்பத் தேவையில்லை, பைப்பை ரெண்டு கையால பிடிச்சுத் திருப்பவேண்டியதுதான் எண்டு நினைச்சாலும், போல்ட் குத்தின பைப் திரும்பாது. அதுக்கு அண்ணை முதலே யோசிச்சு மேல் அரை அடியை வேற பைப்பாச் செய்து உள்ளுக்க செருகி ரெண்டு ஸ்குருவால இறுக்கிற மாதிரி வைச்சிருந்தார். கம்பத்தைச் சாய்ச்சு, கொஞ்சம் திருப்பி, இறுக்கி, நிமித்தி, ஆப்பைப் பாத்து, திரும்பச் சாய்ச்சு, இப்பிடி ஒரு பின்னேரம் போச்சுது.

கம்பம் ஆடாம மூண்டு பக்கம் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி, அதை முறுக்கி இறுக்கிற டேர்ன்பக்கிள் போட்டு இறுக்கினது. அதில ரெண்டு பக்கக் கம்பியை அச்சின்ர நேர்கோட்டில நிலத்தில அடிச்சா கம்பம் சாயேக்க அதுகளைக் கழட்டத் தேவையில்லை, மூண்டாவதை மட்டும் கழட்டினாக் காணும். காத்தில கம்பம் லேசா ஆடும், அதால சிக்னல் விடுபடுறதில்லை, டிஷ் தன்பாட்டில செய்மதியைத் தேடிப் பிடிச்சுக்கொள்ளும். ஆனா ஆடி ஆடி நட் இளகும், எல்லாத்துக்கும் நைலோன் வைச்ச லொக் நட் போடுங்கோ.

கிற்றோட வாற கேபிள் 15 மீட்டர். கம்பத்தில ஆறு மீட்டர் இறங்கவே போயிடும், மிச்சம் ஒன்பது. வீடு கம்பத்தில இருந்து 30 மீட்டருக்கு மேல. 45 மீட்டர் கேபிள் தனியா வாங்கலாம், நாங்கள் வேற வழி எடுத்தது: பவர் சப்ளையையும் அவையின்ர றவுட்டரையும் மோட்டர் கொட்டிலுக்குள்ள ஒரு பூட்டுற பெட்டியில வைச்சு, அங்கயிருந்து வெளியில பாவிக்கிற கேட் 6 லேன் கேபிளை பிவிசிக் குழாய்க்குள்ள போட்டு ஒரு அடி ஆழத்தில தாட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய 4ஜி றவுட்டரை வீட்டு வைஃபைக்கு மாத்திப் போட்டது. அதால கிணத்தடியிலயும் வைஃபை இருக்கு, வீட்டிலயும் இருக்கு. சுவரில துளை போடேக்க கேபிளின்ர தடிப்பைப் பாத்துப் போடாதேங்கோ, அதின்ர முனையில இருக்கிற பிளக்கைப் பாத்துப் போடுங்கோ, நாங்கள் 25 மில்லிமீட்டர் பிட் பாவிச்சது.

குழாய் கட்டாயம் வேணும். வன்னியில குரங்கு வராத வளவு எது. வெளியில தொங்கிற எந்தக் கேபிளையும் இழுத்துக் கடிச்சுப் பாக்கும். கம்பத்தில இறங்கிற கேபிளை பைப்புக்கு உள்ளாலயே விட்டது, அச்சுக்கு மேல ஒரு துளையால வெளியில எடுத்து, அந்த இடத்தில மட்டும் வளையிற குழாய். குரங்கு இதுவரை தொடேல்லை.

மயில்தான் எதிர்பாராதது. 20 அடி உயரத்தில தட்டையா, சுத்திவர வெளியா ஒரு இடம், மயிலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. விடியக்காலமை அஞ்சரைக்கு இன்ரநெற் அப்பிடியே படுத்திடும், போய்ப் பாத்தா டிஷ்ஷுக்கு மேல மயில், தோகை ஒரு பக்கம் தொங்குது. எச்சமும் காஞ்சு டிஷ்ஷில ஒட்டிப்போய்க் கிடந்தது. ஆணிப்பட்டி அடிக்கிறது எனக்கு விருப்பமில்லை, இரும்பு எதையும் டிஷ்ஷின்ர முகத்துக்கு முன்னால கொண்டுபோகவும் கூடாது. கொழுவியின்ர பின்பக்கத்தில இருந்து நாலு மெல்லிய பைபர் தடியை, பழைய குடையின்ர கம்பி அளவில, மேல நீட்டி, அதுகளுக்கு இடையில மீன்பிடிக்கிற தங்கூசியை டிஷ்ஷுக்கு ஒரு சாண் மேல குறுக்கும் நெடுக்குமாக் கட்டினது. தங்கூசி சிக்னலை மறைக்காது, மயில் காலை வைக்க வர ஏதோ தட்டுப்படும், எழும்பிப் போயிடும். இப்ப அது கொட்டில் கூரையில இருக்குது, இருக்கட்டும்.

இனி கரண்ட். பிளக்கில கொழுவி அளக்கிற வாட் மீட்டர் ஒண்டு மூவாயிரம் ரூபாவுக்குள்ள கிடைக்கும், இதை வாங்காமச் சோலர், பற்றரி கணக்கொண்டும் போடாதேங்கோ. எங்கட ஸ்டாண்டர்ட் டிஷ் தொடங்கேக்க 90 வரை ஏறும், பிறகு 60க்கும் 75க்கும் இடையில நிக்கும், சராசரி 65 எண்டு வைச்சனான். ஆப்பில பனி உருக்கிற வசதி எண்டு ஒண்டு இருக்கு, அது தானியங்கியில கிடக்கும், எங்கட ஊரில அதுக்கு என்ன வேலை, முதல் வேலையா அதை நிப்பாட்டி விடுங்கோ. 65 வாட் எண்டா மாசம் 47 யூனிற். இரவு 11இல இருந்து விடிய 5 வரை தூங்கவிடுற வசதி ஆப்பிலயே இருக்கு, அதைப் போட்ட பிறகு 39 அளவுக்கு வந்திச்சுது.

39 யூனிற் எண்டா சின்ன எண்ணிக்கை போல இருக்கும், ஆனா எங்கட மின்சாரசபைக் கணக்கில 60 யூனிற்றுக்குள்ள நிக்கிற வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல், 60ஐத் தாண்டினா முதல் யூனிற்றில இருந்தே வேற பட்டியல். மாசம் 40, 50 யூனிற் பாவிக்கிற வீடு ஸ்டாண்டர்ட் டிஷ் பூட்டினா டிஷ்ஷின்ர காசு மட்டும் கூடாது, முழு பில்லும் மாறும். அப்பிடியான வீட்டுக்கு மினி மாசம் 20 யூனிற்றுக்கு உள்ள வெளியதான் எடுக்கும், அதையும் சோலரில நேரக் கொழுவிவிட்டா பில்லில வரவே வராது. நாங்கள் முதலே 70இல நிண்ட வீடு, இப்ப 110 அளவில நிக்குது.

கரண்ட் நிக்கிற நேரத்துக்கு 12 வோல்ற் 100 ஆம்பியர் ஈய பற்றரி ஒண்டும் இன்வேர்ட்டரும் முதலே இருந்தது. ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கினா ஆயுள் போயிடும், அதால 600 வாட்-மணி, இன்வேர்ட்டர் தின்னுறது போக 500 சொச்சம், டிஷ்ஷும் வீட்டு றவுட்டரும் சேத்து 73 வாட், ஏழு மணித்தியாலம். அளந்து பாத்ததும் அதுக்குக் கிட்டத்தான் வந்தது. என்ர மச்சான் வயல் கொட்டிலுக்கு மினி எடுத்தவர், அவர் 12 வோல்ற் பற்றரியில இருந்து நேர நீள வயர் இழுத்துக் குடுக்க அது எழும்பி எழும்பி விழுந்தது. மெல்லிய வயரில 15 மீட்டர் போக வோல்ற் குறைஞ்சு 12க்குக் கீழ போயிடும். பற்றரிப் பக்கத்தில ஒரு ஸ்டெப் அப் கன்வேட்டர் வைச்சு 24 வோல்ற்றாக்கி அனுப்பின பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை.

மழை. ஐப்பசி, கார்த்திகையில வாற கொட்டுற மழைக்கு மூண்டு நிமிசம், அஞ்சு நிமிசம் எண்டு வெட்டுப்படும், சாதாரண மழைக்கு ஒண்டும் ஆகாது. மழையை விட அதுக்கு முன்னால வாற கறுத்த இடிமுகில்தான் கூடுதலா வெட்டுது. அது ஒண்டுக்கும் செய்யேலாது. ஆனா இடி வேற விசயம். கம்பத்தையும் சனலையும் செப்பு ஏர்த் றொட்டில கட்டியிருந்தது, டிஷ்ஷுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஐப்பசி இடியொண்டு கிட்டடியில விழ, கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவில தாட்டுக்கிடந்த லேன் கேபிளால ஏறி வீட்டு றவுட்டரின்ர லேன் போர்ட்டைச் சுட்டுப்போட்டுது. ரெண்டு கட்டிடத்துக்கு நடுவில ஓடுற செப்புக் கேபிள் மண்ணுக்குள்ள இருந்தாலும் பாதுகாப்பில்லை. இப்ப ஒரு மலிவு றவுட்டர் போட்டு ஓடுது, இடி முழங்கத் தொடங்கின உடன ரெண்டு பக்கமும் பிளக்கைக் கழட்டிப் போடுறம்.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வரேக்க துலாக் கம்பத்தின்ர அருமை தெரிஞ்சுது. காத்துக் கூட முதல் மச்சானும் நானும் மழைக்குள்ள நிண்டு பூட்டுப் போல்ட்டைக் கழட்டி, கம்பத்தை இறக்கி, டிஷ்ஷைக் கழட்டிக் கொட்டிலுக்குள்ள வைச்சிட்டம். காத்து ஓய்ஞ்ச உடன திரும்ப ஏத்தினது. கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை, றோட்டெல்லாம் வெள்ளம். பற்றரியை மிச்சம் பிடிக்க காலமை ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் டிஷ்ஷைப் போட்டம். அக்கம் பக்கத்துச் சனம் கிணத்தடிக்கு வந்து நிண்டு கொழும்பில, மலையகத்தில, வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளுக்கு "நாங்கள் சுகம்" எண்டு வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டுவிட்டுப் போச்சினம், அங்காலயிருந்து சுகம் விசாரிச்சு அழுத குரலுகளும் வந்தது. கொட்டிலுக்குள்ள றவுட்டர் இருந்ததால சனம் வீட்டுக்குள்ள வந்து நெருக்கத் தேவைப்படேல்லை. அந்தக் கிழமைக்காகவே மாசம் 12,000 கட்டலாம் எண்டு மனிசி சொன்னவ, எனக்கும் அதுதான் எண்ணம்.

செலவு: கிற் 118,000. பைப், சனல், போல்ட், சீமெந்து, வெல்டிங் கூலி, ஸ்டே கம்பி எல்லாம் 34,000 அளவில. லேன் கேபிள், குழாய், பெட்டி 11,000. மாசக்காசு 12 மாசத்துக்கு 144,000. முதல் வருசம் 307,000, கரண்ட் பில் புறம்பு. ஒரு குடும்பத்துக்கு இது சரியான பாரம். நாங்கள் ஒரே வளவுக்குள்ள ரெண்டு குடும்பம் பங்கு போட்டதாலதான் தாங்குது. உங்கட இடத்தில 4ஜி இரவிலயும் ஒழுங்கா அஞ்சு எம்பிபிஎஸ் தந்தா அதோடயே இருங்கோ, அந்தக் காசைப் பிள்ளையளின்ர படிப்புக்கு வேற வழியில செலவழிக்கலாம்.

இப்ப திரும்பச் செய்யிறதெண்டா, கூரையில வைச்சுப் பாக்கிற வேலையை விட்டிட்டு ஏணியையும் போனையும் கொண்டு வளவைச் சுத்தி வானத்தை முதல்ல பாப்பன். கொட்டிலுக்கும் வீட்டுக்கும் செப்புக்குப் பதில் ஃபைபர் இழுப்பன், ரெண்டு பக்கமும் ஃபைபரை லேனுக்கு மாத்திற மீடியா கன்வேட்டர் ஒவ்வொண்டு, எல்லாம் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும், இடி அதால ஏறாது. குழாய் முதலே தாட்டுக் கிடக்கிறதால கேபிளை மட்டும் மாத்தினாச் சரி, சாமானுக்குச் சொல்லி வைச்சிருக்கு. ஈய பற்றரி போகேக்க லித்தியம் போடுவன். வடக்குப் பக்க எல்லையில போன வருசம் நட்ட தேக்கங்கண்டு ரெண்டு நிக்குது, ஆப்பின்ர படத்தில இப்ப அதுகள் இல்லை, நாலஞ்சு வருசத்தில வரும், இந்த மாரிக்கு முதல் கிளப்பித் தெற்குப் பக்கம் வைக்கவேணும்.